அறுபதாவது பட்டை

“இப்ப இறங்கவா, வேண்டாமா?”

“செத்த இரு. இன்னும் முடிவெடுக்கல.”

“பஸ் நின்னு ரெண்டு நிமிசமாச்சு.”

“தெரியுது. அவசரப்படுத்தாத. அவசரத்துல எடுக்கிற முடிவு முடிவே இல்லன்னு மூணாவது பாடத்துல இருக்கு.”

கண்டக்டர் பின்படியிலிருந்து எங்களைப் பார்த்தார். பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் இல்லை. “ஏ பூப்போட்ட தம்பி! ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாச்சு. இதுக்கு மேல வண்டி போகாது. இறங்கித்தான் ஆகணும்.”

“கேட்டியா?” என்றேன்.

“அவரு சொல்லி நாம இறங்குனா அவருதான் தலைவர்னு ஆயிரும்,” என்று ரோஷன் என் காதருகே சொன்னான். “அவரு டீ குடிக்கப் போகட்டும்.”

கண்டக்டர் டீ குடிக்கப் போனார். டிரைவரும் போனார். ரோஷன் எழுந்து நின்றான். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே கிடந்த பூப்போட்ட பட்டையை நேராக்கிக்கொண்டான். “நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். இறங்குவோம்.” சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து படிவத்தில் எழுதினான்: ‘சந்தித்த தடை: கண்டக்டர். எடுத்த முடிவு: இறங்குதல்.’ அதற்குப் பிறகுதான் இறங்கினோம்.

நான் ஃபஸீலா. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் வகுப்பில் அறுபது பேர். அதில் ஐம்பத்தொன்பது பேர் தலைவர்கள். ரோஷன் பட்டியலில் கடைசித் தலைவர். நான் உறுப்பினர். வகுப்பிலேயே ஒரே உறுப்பினர் நான்தான்.

இது இப்படி ஆனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ‘தலைமைப் பண்பும் தனிமனிதக் குணநலனும்’ என்று இந்த வருடம் புதிதாக ஒரு பாடம் வந்தது. பரீட்சை கிடையாது. ஆனால் அதில் தேறாவிட்டால் டிகிரியும் கிடையாது. அதை நடத்த ஐயாதுரை சாரைப் போட்டார்கள். சார் பதினெட்டு வருடமாகக் கரிம வேதியியல் எடுப்பவர். யாரையும் திட்டமாட்டார். லேபிளைப் படிக்காமல் எந்தப் பாட்டிலையும் தொடமாட்டார். பாடத்தோடு வந்த கையேட்டையும் அவர் லேபிளைப் படிக்கிற மாதிரியே படித்தார்.

கையேட்டின் முதல் பக்கத்தில் விதிகள் இருந்தன. பட்டை அணிந்தவர் தலைவர், அணியாதவர் உறுப்பினர். ஒவ்வொரு தலைவரும் ஓர் உறுப்பினரை மூன்று மணி நேரம் வழிநடத்தி, அவருடைய ரோல் நம்பரையும் கையெழுத்தையும் படிவத்தில் வாங்க வேண்டும். இன்னொருவரைப் பின்தொடரும் தலைவர் அந்தக் கணமே தலைவர் அல்லர். பட்டையும் போய்விடும், அதுவரை எடுத்த மதிப்பெண்ணும் போய்விடும்.

சார் அறுபது பட்டைகளுக்குத் தளவாய்புரத்தில் மாரிக்கனி அக்காவின் கடையில் ஆர்டர் கொடுத்தார். தளவாய்புரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நைட்டி தைக்கிற மெஷின் சத்தம்தான். மாரிக்கனி அக்காவும் நைட்டிதான் தைப்பார். பட்டையையும் அந்தத் துணியிலேயே தைத்துவிட்டார். ஊதா நிறம், மஞ்சள் பூ, பூக்களுக்கு நடுவே வெள்ளை நூலில் ‘தலைவர்’.

மூட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது, யாராவது போய் எடுத்து வாருங்கள் என்றார் சார். யார் போவது என்று வகுப்பில் நல்ல விவாதம் நடந்தது. விவாதம் முடிகிற மாதிரித் தெரியாததால் நான் போய் எடுத்து வந்தேன். முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் வாங்க ஆபீசுக்குப் போனேன். கத்தரிக்கோலோடு திரும்பியபோது கயிற்றைப் பல்லால் கடித்துப் பிரித்திருந்தார்கள். வகுப்பு முழுவதும் ஊதா நிறமாக இருந்தது. எண்ணிப் பார்த்தோம், ஐம்பத்தொன்பது. சாக்கை உதறினோம். சார் சாக்குக்குள் மூக்கை விட்டுக்கூடப் பார்த்தார்.

“சார், அப்ப எனக்கு?”

சார் கையேட்டைத் திறந்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “அறுபது பேரும் தலைவராயிட்டா யாரை வழிநடத்துறதுன்னு எனக்கு மூணு நாளா ஒரே யோசனைம்மா. இப்பதான் சமன்பாடு சரியாச்சு. கடவுளாப் பாத்துக் குடுத்த உறுப்பினர்ம்மா நீ.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் கத்தரிக்கோல் இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் என்னை வழிநடத்தினார்கள். யார் என்றைக்கு என்பதற்கு ஐம்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கடைசியில் நான் ஒன்று போட்டு ஒட்டினேன், அதை யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் தலைவர் பிளஸ்ஸி. லைப்ரரி மாடிப்படியில் என்னை நிறுத்தி, “ஏட்டி, உனக்குள்ள ஒருத்தி தூங்குதா. எழுப்பு அவள,” என்று மூன்று மணி நேரம் சொன்னாள். எனக்குத்தான் தூக்கம் வந்தது. கிறிஸ்துராஜ் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கூட்டிப்போனான். கணுக்கால் அளவு தண்ணீர். கடப்பதா, வேண்டாமா என்று இரண்டே முக்கால் மணி நேரம் யோசித்தான். அதற்குள் ஒரு குடும்பம் எங்களைத் தாண்டி அக்கரைக்குப் போய், குளித்து, புளியோதரை தின்று, இக்கரைக்கே திரும்பிவிட்டது. போகும்போது எங்களுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். ஷாநவாஸுக்குக் காய்ச்சல் என்பதால் போனிலேயே வழிநடத்தினான். “நில்லு. நிக்கியா? சரி, இப்ப நட.” நான் வீட்டில் அம்மாவோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் அவன் தூங்கிவிட்டான். போனை வைக்கச் சொல்லாததால் நானும் வைக்கவில்லை.

விஜி தன் முறை வரும்வரை பொறுக்க முடியாமல் வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். வெள்ளை நிறம், உயரமான நாய். அவன் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. நான் என் வாழ்க்கையில் அப்படி யாரையும் பின்தொடர்ந்ததில்லை. ஐயாதுரை சார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “நல்ல நாய்தான். ஆனா ரோல் நம்பர் இல்லையேப்பா. கையெழுத்தும் போடாது.” நாய் வீட்டுக்குப் போய்விட்டது. விஜி வரிசையில் காத்திருந்தான்.

எனக்குப் பழகிவிட்டது. யாருக்குத் தடை வேண்டும், யாருக்குக் கேள்வி வேண்டும், யாரிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று பார்த்ததுமே தெரிந்தது. பையில் உபரிப் பேனா, குடை, தண்ணீர், வெற்றுப் படிவங்கள் எல்லாம் வைத்திருப்பேன். சஞ்சீவி மலைக்கு ஏற்றிப்போகிற தலைவருக்கு முதல் நாளே செருப்பைப் பற்றி எச்சரிப்பேன். தகவலாக மட்டும்.

திங்கட்கிழமை உத்தேச மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே: ‘வழிநடத்திய நேரம்: 0. தேறவில்லை.’

எனக்கு மதுரையில் எம்.எஸ்ஸி. சீட் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான். டிகிரி இல்லையென்றால் சீட் இல்லை. அத்தா ஏற்கெனவே மதுரையில் லேடீஸ் ஹாஸ்டல் தேடிக்கொண்டிருந்தார். சாரிடம் ஓடினேன்.

சார் உண்மையிலேயே வருந்தினார். “நான்கூட இத கவனிக்கலையேம்மா. ஆனா வழி இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக்கும். அதுக்குள்ள உனக்கு ஒரு பட்டை, ஒரு உறுப்பினர், மூணு மணி நேரம். அம்புட்டுத்தான்.” ஏதோ கரைசல் தயாரிக்கிற முறையைப் போலச் சொன்னார்.

அன்றைக்கே மாரிக்கனி அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அறுபதும் தச்சாச்சே தங்கச்சி,” என்றார். “ஒண்ண சாம்பிளுக்கு எடுத்து வச்சேன். எந்த ஆர்டர்னாலும் ஒரு பீஸ் கடைக்கு. அது இங்க வழக்கம்லா? நைட்டின்னா ஒண்ணு கூடத் தச்சு எடுத்துக்கிடுவோம். இதுக்குத் துணி தீந்துபோச்சு. அதான் அறுபதுக்குள்ளயே எடுத்துக்கிட்டேன்.”

“இன்னொண்ணு தச்சுத் தர முடியாதாக்கா?”

“அந்த டிசைனு இனி வராதும்மா. மில்லுலயே நிறுத்திட்டாங்க.”

புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ரோஷனுடைய முறை. அவன் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவந்தான். கோபுரம் தெரிகிற இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

“எதுக்கு வந்தோம்?” என்று கேட்டேன்.

“அத வந்த பொறவு முடிவெடுக்கலாம்னு இருந்தேன்.”

ரோஷன் நல்லவன். நான்கு மாதத்தில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்த ஒரே தலைவர் அவன்தான். ஆனால் முடிவெடுக்கச் சொன்னால் அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். எந்தக் கடையில் பால்கோவா வாங்குவது என்று யோசித்து ஒரு தெருவை மூன்று தடவை நடந்தோம். நான்காவது தடவை கடைக்காரரே வெளியே வந்து இரண்டு துண்டு பேப்பரில் வைத்து, “சும்மா தின்னுங்க, ஆனா இனிமே இந்தப் பக்கம் நடக்காதீங்க,” என்று கெஞ்சினார்.

நான் பேப்பரை நக்கிக்கொண்டே சொன்னேன். “ராஜபாளையம் வண்டி நிக்குது. அங்க போயி மாறுனா தளவாய்புரம்.”

ரோஷன் என்னைக் கூர்ந்து பார்த்தான். “இத நீ தகவலாச் சொல்றியா, யோசனையாச் சொல்றியா?”

“தகவலா.”

“யோசனைன்னா நான் உன்னப் பின்பத்துனதா ஆயிரும்.”

“தகவல்தான். தளவாய்புரத்துல ஒரு தையக்கடை இருக்கு. இதுவும் தகவல்.”

அவன் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். “நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்,” என்றான். “தளவாய்புரம் போவோம்.” அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பஸ்ஸில் திருப்பூரைப் பற்றிப் பேசினான். சாயப்பட்டறை லேபில் வேலை உறுதியாகிவிட்டது, இந்தப் பாடத்தில் தேறினால் மட்டும் போதும். அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்களாம். சர்ச்சில் எழுந்து நின்று சாட்சியும் சொல்லிவிட்டார்களாம். “இனிமே கிடைக்கலேன்னா ஊர மட்டுமில்ல, கர்த்தரையும் ஏமாத்துன மாதிரி ஆயிரும்,” என்று சிரித்தான். நான் மதுரையைப் பற்றிச் சொன்னேன். அப்போது அவன் சிரிக்கவில்லை.

மாரிக்கனி அக்காவின் கடை வாசலில் ஒரு பொம்மை நின்றது. தலை கிடையாது, கை கிடையாது. ஒற்றை இரும்புக் காலில், பச்சை நைட்டி போட்டு, அதன் மேல் என் பட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது. எதிரே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குப்பை காற்றில் பறந்து தன் வாசலுக்கு வருவதைப் பற்றிப் பொம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொம்மை குறுக்கிடவில்லை. கடைசியில் அவர், “சரி, நானே கூட்டிக்கிடுறேன், வாரியல் நம்மகிட்டதான இருக்கு,” என்று எழுந்து போனார்.

“எங்க தெருக் குருவம்மாள்தான் முதமுத வந்தது,” என்றார் மாரிக்கனி அக்கா, மெஷினை நிறுத்தாமல். “பட்டையப் போட்டு நிறுத்துன மறுநாளு. ‘இது எந்தத் தலைவரு?’ன்னு கேட்டா. சும்மா கேட்டவ அப்படியே உக்காந்து அவ மருமகளப் பத்தி எல்லாத்தையும் கொட்டிட்டா. மனசு லேசாயிருச்சாம். அதுலருந்து வாராக. இவிய வந்த பொறவு தெருவுல சண்டையே இல்ல.”

“அக்கா, அந்தப் பட்டை எனக்கு வேணும்.”

“சாம்பிளக் குடுத்துட்டு அடுத்த ஆர்டருக்கு எதக் காட்டுறது? அதுவும் போக, பட்டையில்லாம நின்னா இவியள யாரு மதிப்பா?”

ரோஷன் நேர்மையானவன் என்பதால் நடந்ததைச் சாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“பொம்மை பட்டை போட்டிருக்கா?” என்றார் சார்.

“போட்டிருக்கு சார்.”

“சார், பொம்மைக்கு ரோல் நம்பர் இல்ல சார்,” என்று நான் கத்தினேன்.

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. “ரோல் நம்பர் உறுப்பினருக்குத்தாம்மா. தலைவருக்கு வேணும்னு எங்கயும் போடல.” சார் குரலில் நடுக்கம். “அப்ப மொத்தம் அறுபது தலைவர்கள். ஆர்டர் போட்டதும் அறுபது. ஃபஸீலா, அவங்க மூணு மணி நேரம் முடியாம லிஸ்ட்ட ஏத்த முடியாதும்மா. மதியம் சும்மாதான இருப்ப?”

ஆக, ரோஷனுடைய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரோஷன் ஊருக்குத் திரும்பவில்லை. கடைக்குள் நின்றால் பொம்மையைப் பின்பற்றியதாகிவிடும் என்பதால் எதிர் டீக்கடையில் நின்றான். நான்கு டீ குடித்தான்.

பொம்மை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்குள் யாரையும் எழுப்பச் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

இரண்டு மணிக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஸ்டூல் ஒன்றுதான். யார் முதலில் என்று சத்தம் வந்தது. நான் வெட்டிப்போட்ட துணித்துண்டுகளை எடுத்து, சாக்பீஸால் நம்பர் எழுதி ஆளுக்கொன்று கொடுத்து, வந்த வரிசைப்படி நிறுத்தினேன். வைகுண்டராஜ் என்ற பெரியவர், பள்ளிக்கூட நேரத்து பஸ் தங்கள் ஊர் விலக்கு ஸ்டாப்பில் நிற்காமல் போகிறது என்று பொம்மையிடம் அழுதார். மனு ஒன்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, அதை எந்த ஆபீசில் யாரிடம் கொடுக்க வேண்டும், நகலில் சீல் போட்டு வாங்க மறக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் மனுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு பொம்மையின் பக்கம் திரும்பி, “உங்கள மாதிரி ஒருத்தர் இல்லம்மா,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்கு மணிக்குப் பொம்மையின் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘உறுப்பினரின் திருப்தி’ என்று ஒரு கட்டம் இருந்தது. பத்துக்கு எவ்வளவு? குறைத்துப் போடலாமா என்று நினைத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது பேரையும் நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. பத்து போட்டேன்.

அதனால்தான் இந்த வருடத்தின் சிறந்த தலைவர் விருது பொம்மைக்குப் போனது. விழா வியாழக்கிழமை மதியம். விருதை நேரில் வந்து வாங்க வேண்டுமாம். மாரிக்கனி அக்காவிடம் சொன்னதும் அவருக்கு ஒரே பெருமை. பொம்மைக்குப் புது நைட்டி போட்டுவிட்டார். அன்று காலை நான்தான் பஸ்ஸில் தூக்கிவந்தேன். “இது ஆளா, லக்கேஜா?” என்று கேட்ட கண்டக்டர் பட்டையைப் படித்ததும், முன்சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது பட்டையைப் பற்றி அக்காவிடம் மறுபடி கேட்டிருந்தேன். “இன்னைக்கு ஒரு நா நீ போட்டுக்க, போ,” என்றார். “ஆனா சாயங்காலம் ஆறுக்குள்ள பட்டையும் பொம்மையும் கடையில இருக்கணும். எட்டு பேரு வாரேன்னு சொல்லியிருக்காக.”

விழா தொடங்குமுன் சாரைப் பிடித்தேன். “சார், பொம்மைகிட்டருந்து பட்டையக் கழட்டி நான் போட்டுக்கிட்டா?”

சார் கையேட்டை எடுக்கவில்லை. இதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது. “போட்டுக்கிட்டா நீ தலைவர்.”

“பொம்மை?”

“அவங்க தலைவர் இல்ல.”

“அப்ப உறுப்பினரா? அத நான் மூணு மணி நேரம் வழிநடத்தலாமா?”

சார் பொம்மையைச் சுற்றி வந்து பார்த்தார். “ரோல் நம்பர் இல்லையேம்மா,” என்றார். “கையும் இல்ல.” கை இல்லாததைச் சொல்லும்போது அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. “வகுப்புல யாராவது ஒருத்தர் பட்டையக் கழட்டிட்டு உன்கூட வந்தாப் போதும். படிவத்த ஆறு மணிக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பு, நானே ஏத்திருதேன். நான் கம்ப்யூட்டர் பக்கத்துலயேதான் இருப்பேன்.”

விருது கொடுத்தார்கள். பொம்மைக்குக் கை இல்லாததால் கேடயத்தை அதன் கழுத்தின் மேல் வைத்தார்கள். தலை மாதிரியே பொருந்திவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நன்றியுரை சொல்ல என்னை அழைத்தார்கள். தலைவர்கள் நன்றியுரை சொல்வதில்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து. நான் பொம்மையிடம் போய்ப் பட்டையைக் கழற்றினேன். என் தோளில் போட்டுக்கொண்டேன். மைக்கில் விஷயத்தைச் சொன்னேன். சீட்டைச் சொன்னேன், மூன்று மணி நேரத்தைச் சொன்னேன், ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றேன். வருகிறவருக்கு என்ன போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஹாலில் பெரிய பரபரப்பு. யாரும் சும்மா உட்காரவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். கிறிஸ்துராஜ் முதல் ஆளாக எழுந்து, “ஃபஸீலா, உனக்கு ஒரு உறுப்பினரத் தேடுறதுக்கு நான் உன்ன வழிநடத்துறேன்,” என்றான். “அது எம் பொறுப்பு,” என்றான் விஜி. ஷாநவாஸ் கமிட்டி போடலாம் என்றான். கமிட்டிக்கு உடனே ஐம்பத்தெட்டு தலைவர்கள் கிடைத்தார்கள். பிளஸ்ஸி மேடைக்கே வந்து என் இரண்டு தோளையும் பிடித்தாள். “ஏட்டி, உனக்குள்ளயே ஒரு உறுப்பினர் இருக்கா. அவள எழுப்பு.”

மணி இரண்டு நாற்பத்திரண்டு. கேடயத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பொம்மையைக் கட்டித் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். இரும்புக் கால் படிக்குப் படி இடித்தது. அந்தச் சத்தத்தில்தான் கமிட்டி கொஞ்சம் அடங்கியது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். நான் பக்கத்தில் வர வர ஒவ்வொருவரும் தன் பட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், பஸ்ஸில் பர்ஸைப் பிடிக்கிற மாதிரி.

கடைசி பெஞ்சில் ரோஷன் இருந்தான். அவன் மட்டும் எழவில்லை. பட்டையையும் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.

பொம்மையைக் கீழே நிறுத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியது.

“வேலைக்கு வரேன்னு திருப்பூருக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“சொல்லியாச்சு,” என்றான். “அம்மா பெட்டியே கட்டிட்டாங்க.” பிறகு, பொம்மையைப் பார்த்துக்கொண்டே, “நீ இப்ப சொல்லப்போறது தகவலா, யோசனையா?”

“ரெண்டும் இல்ல.”

மேடையில் சார் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இரண்டு நாற்பத்தைந்து. இப்போது கிளம்பினால் சரியாக ஐந்தே முக்கால்.

“இதத் தளவாய்புரத்துல கொண்டு போயி விடணும் ரோஷன். ஒத்த ஆளாத் தூக்க முடியல. கழுத்துப் பக்கம் நான் பிடிச்சுக்கிடுதேன், நான் முன்னால நடக்கேன். நீ அந்தப் பட்டையக் கழட்டி பெஞ்சு மேல வச்சிட்டு, இரும்புக் கால் பக்கம் பிடிச்சுக்கிட்டு, என் பின்னால வாரியா?”